தவறி விழுந்ததாகச் சொன்னவர்

எங்கள் கட்டடத்தில் ஒரு விநோதம் உண்டு. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் எல்லாரும் எல்லாருக்கும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்வார்கள். அதே ஆளை வாசல் தாண்டித் தெருவில் பார்த்தால் விளக்குக் கம்பத்தைக் கடப்பதுபோலக் கடந்து போவார்கள். புதுச்சேரியில் நேர்மாறு. வீட்டுக்குள் பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் தம்பிகூட ஊர் வாய்க்குப் பயந்து தெருவில் சிரித்துக்கொள்வார்கள். பிரான்ஸில் இந்த லா ஷப்பேல் பேட்டைக்குக் குடிவந்த புதிதில் இதையெல்லாம் வேடிக்கையாக ஊருக்கு எழுதியிருக்கிறேன். இப்போது எழுத மனம் வரவில்லை. அந்தப் படிக்கட்டில்தான் சிவம் விழுந்தார்.

விழுந்தார் என்று எழுதும்போதே கசக்கிறது. சிவம் யாழ்ப்பாணத்துக்காரர். ஆறாம் மாடியில் ஓர் அறையில் நாலைந்து பேரோடு இருந்துகொண்டு, உணவகமொன்றில் பாத்திரம் கழுவினார். ஒரு மாலை அரிசி மூட்டையோடு ஏறியவரை நான்காம் மாடிக்காரன் ஒருவன், ‘உன் ஊருக்குப் போ’ என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மணிக்கட்டு முறிந்தது. மூட்டையின் மறுமுனையைப் பிடித்தபடி பின்னால் ஏறிக்கொண்டிருந்தவர் பெல்காசெம். இரண்டாம் மாடியில் இருக்கும் அல்ஜீரியாக்காரர், கார்த் தொழிற்சாலையில் வேலை. அவர்தான் சிவத்தை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதம் எங்கள் பேட்டைச் சங்கமும் ஒரு சுதந்திர வானொலியும் சேர்ந்து, நிறமும் இனமும் பற்றி அக்கம்பக்கத்தாரைப் பேசவைக்க ஒரு நிகழ்ச்சி தொடங்கின. அரசாங்கம் அலைவரிசையை எல்லாருக்கும் திறந்துவிட்ட காலம் அது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு வானொலி. பெல்காசெம் உடனே சம்மதித்தார். சிவத்தையும் அவரே அழைத்தார். மொழிபெயர்க்க நான். நான் தபால் நிலையத்தில் எழுத்தர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியபோது அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததால், தாள்படி பிரெஞ்சுக்காரன்.

ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையத்துப் பக்கம், பழைய சலவைக்கடை ஒன்றின் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவர் முழுக்க, எதிரொலியை அடக்க ஒட்டிய முட்டை அட்டைகள். நடத்துகிற பெண் கிறிஸ்தீன் எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். சிவம் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, நீதிமன்றத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கியைக் கண்டதும் என் காதோரம் குனிந்தார்.

“அண்ணை, றேடியோ எண்டால் கவுண்மேந்துதானே?”

“இல்ல சிவம். இது இந்தப் பசங்க தாங்களா நடத்துறது. கவர்மாங்குக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது.”

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர் வளர்ந்த ஊரில் வானொலிப்பெட்டியில் பேசியதெல்லாம் அரசாங்கம்தான். இங்கே அவர் கையில் இருப்பதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகத் தாள். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. முடிவானால்தான் மனைவியும் மகளும் அங்கிருந்து வர வழி.

பெல்காசெம் முதலில் பேசினார். படிக்கட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கிறிஸ்தீன் சிவத்தின் பக்கம் திரும்பினாள். சிவம் மாவுக்கட்டுக் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோல, முதலில் பிரான்ஸ் அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் நன்றி சொன்னார்.

பிறகு சொன்னார்: “என்னை ஒருத்தரும் தள்ளேல்லை. நான்தான் தவறி விழுந்தனான். இஞ்சை ஆக்கள் எங்களை நல்லாத்தான் வைச்சிருக்கினம்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயிற்றில் இருந்த பயத்தை மொழிபெயர்க்க எனக்கு உரிமையில்லை. சொன்னதைச் சொன்னபடி பிரெஞ்சில் சொன்னேன். பெல்காசெம் சிவத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டு எதிரே உட்கார்ந்திருந்த, குடியிருப்போர் சங்கத்து வெள்ளைக்காரக் கிழவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். “பாருங்கள், இவர்கள் நன்றியுள்ளவர்கள். குறை சொல்லிக்கொண்டே இருப்பது எப்போதும் மற்றவர்கள்தான்.” அவர் பார்வை பெல்காசெம் மேல் இருந்தது. பெல்காசெம் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பேசவைக்கக் கூட்டிய கூட்டம் பேசவந்த ஒருவரையே பொய்யராக்கி அனுப்பியது. விடைபெறும்போது கிறிஸ்தீன் என்னிடம், உங்கள் நாட்டின் நினைவு வருமா என்று அன்பாகக் கேட்டாள். நான் பிரெஞ்சுக்காரன் என்றேன். “தெரியும், ஆனால் அதற்கு முன்னால்?” என்றாள்.

மெத்ரோ பாலத்தின் கீழே சிவத்தோடு நடந்து வரும்போது, பெல்காசெமிடம் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றேன்.

“என்னத்தைச் சொல்லுறது? அவர் எனக்குக் கடவுள் மாதிரி, அண்ணை. ஆனால் என்ரை பிள்ளை அங்கை இருக்கு.” கொஞ்ச தூரம் போனபின், “நீங்கள் பிரெஞ்சுக்காரன். உங்களுக்கு விளங்காது” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரே நாளில் கிறிஸ்தீனுக்கு நான் பிரெஞ்சுக்காரன் இல்லை, சிவத்துக்கு நான் தமிழன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒலிபரப்பானது. நான் வீட்டில் வானொலியைப் போடவில்லை. ரொட்டி வாங்கப் போய்த் திரும்பி ஏறும்போது, இரண்டாம் மாடியில் பெல்காசெம் கதவு வழியே என் குரல் கேட்டது. சிவத்தின் தமிழை அமுக்கிவிட்டு என் பிரெஞ்சை மேலே ஏற்றியிருந்தார்கள். “நான்தான் தவறி விழுந்தேன்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டக் கை தூக்கினேன். தட்டவில்லை. மேலே ஏறினேன். ஆறாம் மாடியிலும் கதவு திறந்திருந்தது போலும். அங்கிருந்தும் அதே குரல் இறங்கி வந்தது. ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி, என் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை மூன்றாம் மாடியில் என் கதவுக்கு முன்னால் நின்றேன்.