பார்க்க வந்தவர்கள்

உல்லாசக் கப்பலில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தேன். வாந்தியும் பேதியும் பரவி எனக்கும் வந்ததும் அறையில் அடைத்துவிட்டார்கள். கதவைத் தட்டி, நாய்க்கு வைப்பதுபோல் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள். எங்கள் எலவனாசூர்கோட்டையில் ஒருவன் படுத்தால் பன்னும் பழமுமாக ஊரே வந்து கட்டிலைச் சுற்றி உட்காரும், தூங்கவே விடாது. அந்தத் தொல்லைக்கு ஏங்கிக் கிடந்தேன்.

ஊரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெல்லாம் வெட்டிப்போட்ட மரங்கள், பஸ் இல்லை. வழி திறந்த பிறகுதான் மனைவி கள்ளக்குறிச்சிக்கு வந்து, கடை போனில் என்னோடு பேசினாள். படுத்துக் கிடந்ததைச் சொன்னேன்.

"யார்னா வந்து பாத்தாங்களா?"

"வந்துக்கினே இருந்தாங்க. கதவ சாத்தவே முடியல."

"அப்ப சரி" என்றாள், நிம்மதியாக.