நாலு மணித் தபாலுக்கு முன்

தேயிலை விலை விழுந்த வருடம், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த கல்லூரி உதவித்தொகையை எங்கள் எஸ்டேட் கம்பெனி நிறுத்திவிட்டது. எண்பது சதவீதம் எடுத்தால் மூன்று வருடமும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். நான் எண்பத்து நான்கு எடுத்திருந்தேன். அம்மாவுக்கோ வாரத்தில் மூன்று நாள்தான் கொழுந்து பறிக்கும் வேலை. பணம் வராவிட்டால் என் படிப்பு அதோடு சரி.

குன்னூரில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த கிளார்க் அம்மாவிடம் கத்தினேன்.

"வாக்குக் குடுத்துட்டு ஏமாத்துறீங்களா? உங்க ஊட்டுப் பிள்ளைக்குன்னா சும்மா இருப்பீங்களா?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"கத்தி முடிச்சுட்டீங்களா கண்ணு? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி கத்துங்க. நாலு மணிக்குத் தபால் போயிரும்."

அது அரசாங்க உதவித்தொகைக்கான விண்ணப்பம். என் பெயர், மார்க், அம்மா பெயர் எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. பழைய விண்ணப்பத்தில் இருந்த என் போட்டோவைப் பிரித்தெடுத்து ஒட்டியிருந்தார். நான் திட்டியபோது அவர் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கையெழுத்துப் போட்டேன். அந்தப் பணத்தில்தான் படித்து முடித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை.

கம்பெனி மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அது நியாயமான கோபம். அதைக் கொண்டுபோய் யார் தலையில் கொட்டினேன் என்பதுதான் உறுத்துகிறது.