நான்காம் பிரிவின் மீட்டர் சார்

"இலை ஆடுது, கிளை ஆடல. காத்தோட அளவு ரெண்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார் மீட்டர் சார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. தாளில் வெயில் என்ற கட்டத்தில் எழுபது சதவீதம் போட்டுவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, நான்காம் பிரிவுக்குள் நடக்கத் தொடங்குகிறார்.

நகர ஓரத்து இயற்கைக் காப்பகத்தில் பட்டாம்பூச்சி எண்ணும் தன்னார்வலர்கள் எட்டுப் பேர். ஆளுக்கொரு பிரிவு, இருநூறு மீட்டர் பாதை, வாரம் ஒரு நடை. இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அதற்குள் வந்தால்தான் கணக்கு. முதுகுக்குப் பின்னால் என்ன பறந்தாலும் சேர்த்தி இல்லை. மற்றவர்கள் ஆசைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவார்கள். இவர் திரும்பியதே கிடையாது. ஒருநாள் பின்னாலிருந்து மனைவி கூப்பிட்டபோதும், பிரிவு முடிகிற கம்பம் வரை நடந்துவிட்டுத்தான் "என்ன?" என்று கேட்டார். அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். நாய், பூட்டிய கேட், மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு எல்லாம் பார்த்தாயிற்று. தப்பாக எழுதியதாக ஒரு புகார் வந்ததில்லை. இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார். "ஓடியிருந்தா ஓடினத எழுதுவேன். ஓடலன்னா சைபர். நமக்கென்ன வந்துச்சு?" பட்டாம்பூச்சிக்கும் அதே சட்டம்தான். சைபர் போடக் கூச்சப்படும் புது ஆட்களை அவருக்குப் பிடிக்காது.

வினை அந்த சைபரில்தான் வந்தது. புல்நீலன் என்று ஒன்று உண்டு. சட்டைப் பொத்தான் அகலம், சாம்பல் கலந்த நீலம், கணுக்காலுக்கு மேலே பறக்கச் சோம்பல். நான்காம் பிரிவில் வாரத்துக்கு நாற்பது இருந்தது. அடுத்த வருடம் இருபது, அதற்கடுத்த வருடம் ஆறு. போன வருடம் பெரும்பாலும் சைபர். கையகலப் பட்டாம்பூச்சிகள் மட்டும் குறையவே இல்லை. மற்ற ஏழு பிரிவுகளிலும் புல்நீலன் சௌக்கியமாகவே இருந்தது. காப்பக அலுவலகத்தில் கணக்கைத் தொகுக்கும் பெண், வரைபடம் போட்டுப் பார்த்துப் பதறிப்போனாள். நான்காம் பிரிவைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். 'அருகிவரும் புல்நீலன். அமைதி காக்கவும்' என்று பலகை நட்டார்கள். புல்வெட்டுகிறவர்தான் காரணம் என்று முடிவாகி, இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள்.

"மெஷின் சத்தம் போடும், ஒத்துக்கறேன். ஆனா நான் கொலகாரன் இல்ல சார்" என்றார் அவர்.

"தாள்ல இருக்கேப்பா" என்றார் மீட்டர் சார், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

உண்மையைக் கண்டுபிடித்தது மனைவி. "மோவாய்ல ஒரு பக்கம் தாடி அப்படியே நிக்குது. கண்ணாடியப் பாத்துதான் ஷேவ் பண்றீங்களா?" என்று கேட்டவள், கையோடு கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை, ஏறக்குறைய ஒரே அளவு. முதலில் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது.

ஒரு மாதம் கழித்து நான்காம் பிரிவுக்குள் நுழைந்தவர், முப்பத்தெட்டு புல்நீலன் எண்ணினார். பாதி வழி வரை சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முடிவுக் கம்பத்தருகே வந்தபோதுதான் உறைத்தது. பூச்சிகள் மூன்று வருடமும் இங்கேயேதான் இருந்திருக்கின்றன. இவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகப் பெண் தாளைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "கயிறு கட்டினது வேலை செஞ்சிருச்சு சார்!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு, "கயிறு இல்லம்மா, கண்ணு" என்று வலக்கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அவள் கம்ப்யூட்டரில் பழைய வரைபடத்தைத் திறந்தாள். "அப்ப நாலாம் பிரிவுல மூணு வருஷத் தாளையும் எடுத்துடணும் சார். வேற வழியில்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நூற்றைம்பது தாள், காய்ச்சலிலும் போய் எழுதியது. மறுநாள் வாசல் கேட்டுக்குப் போய், "தப்பு மெஷின்ல இல்லப்பா, என்கிட்டதான். மன்னிச்சிரு" என்றார். புல்வெட்டுகிறவர் எழுந்து நின்று, "அப்ப நாளைக்கே வெட்டலாமா?" என்று கேட்டார்.

"அவசரப்படாத. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் புல்லு இப்படியே இருக்கட்டும்" என்றார் மீட்டர் சார். ராத்திரியெல்லாம் புரண்டதில் அவருக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. இடக்கண் இன்னும் பழைய கண்தானே? வாரம் இரண்டு நடை நடப்பது. முதலில் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, அடுத்து வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு. புதுக்கண் பார்ப்பதில் பழைய கண்ணுக்கு எத்தனை தப்புகிறது என்று தெரிந்துவிட்டால், பழைய தாள்களைத் திருத்திவிடலாம். அலுவலகப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்து, "போன வருஷத்துத் தாள மட்டும் காப்பாத்தலாம் சார். அதுக்கு முந்தி கண்ணு இவ்வளவு மங்கலா இருந்திருக்காதே. அதுவும் ஒருவேளைதான்" என்றாள். ஒருவேளையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இடக்கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோது, பட்டாம்பூச்சிப் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டார்.

"ஊர்ல எல்லாரும் கண்ணு தெரியணும்னு ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்க. இவரு கண்ணு தெரியாம இருக்கறதுக்கு வாய்தா வாங்கறாரு" என்று தொலைபேசியில் தங்கையிடம் புலம்பினாள் மனைவி. ஒற்றைக் கண்ணோடு போய் எங்கேயாவது விழுந்து வைப்பார் என்று இப்போது அவளும் வாராவாரம் கூடவே வருகிறாள்.

இந்த வாரம் புதுக்கண்ணுக்கு நாற்பத்தொன்று. கால் மணி நேரம் கழித்து, எண்ணும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி மறுபடியும் நுழைகிறார். இடக்கண்ணுக்குப் புல் வெறும் பச்சையாகக் கிடக்கிறது. கயிற்றுக்கு வெளியே கூடவே நடக்கும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, அதோ, உங்க கால்கிட்டயே மூணு உக்காந்திருக்கு!"

அவர் வலக்கண்ணை இன்னும் இறுக்கப் பொத்திக்கொள்கிறார்.