சிவதாணு அண்ணாச்சி போடாத அரை மார்க்

குதிரை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. "அப்பா காலமானார்" என்று சிவதாணு அண்ணாச்சியின் மகன் போட்டிருந்தான். கீழே ஒரு படம். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், கையில் பப்படத்தோடு, அண்ணாச்சி வலப்பக்கம் திரும்பி யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இடப்பக்கத்திலிருந்து, சமதரையில், நான்கு காலும் தெரிய எடுக்காத எந்தக் குதிரைப் படத்தையும் திருப்பி அனுப்பிய மனிதருக்கு இப்படி ஒரு கடைசிப் படமா? பிறகு அவர் மனைவி பகவதியக்கா கூப்பிட்டார். "டாக்டரே, அவிய போயிட்டாவ. காப்பி கேட்டாவ, போட்டுக் கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாவ" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

குழுவில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூதப்பாண்டிக்காரர். வளைகுடா நாடொன்றில் அரபுக் குதிரை லாயத்தில் சாணம் அள்ளப் போய், முப்பது வருடம் கழித்து, அதே குதிரைகளுக்கு மார்க் போடும் நடுவராகத் திரும்பி வந்தவர். கலப்பில்லாத அரபுக் குதிரை என்று பதிவு செய்ய எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விதிதான். தாயும் தகப்பனும் பதிவேட்டில் இருக்க வேண்டும். குட்டியின் முடியை வேரோடு எடுத்துப் பரிசோதித்து அதை நிரூபிக்க வேண்டும். உடம்பில் இருக்கும் ஒவ்வொரு அடையாளத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ள படத்தில் குறிக்க வேண்டும், வெள்ளைப் பட்டையைச் சிவப்புக் கோட்டாலும் சுழியைக் கறுப்புப் பெருக்கல் குறியாலும். இந்தப் பக்கத்துக் குதிரைகளுக்குக் கால்நடை மருத்துவரான நான் வரைவேன், பதிவேட்டுக்காரர்கள் சார்பில் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். பதினான்கு வருடம் இப்படி வேலை செய்தோம். ஒரு படத்தையாவது முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டிருப்பாரா? கிடையாது.

வேலையோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு திருவிழாவுக்குச் சேர்ந்து போயிருந்தோம். சாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி வருகிறார், மேளம் கொட்டுகிறது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இவர் என் காதருகில் குனிந்து, "தலையும் கழுத்தும் நல்லாருக்கு டாக்டரே. காலுக்குப் பதிமூணரைக்கு மேல போட முடியாது" என்கிறார். அரபுக் குதிரைக் கண்காட்சியில் இன லட்சணம், தலையும் கழுத்தும், உடம்பு, கால்கள், நடை என்று ஐந்து பிரிவு, ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க், அரை மார்க் வரை பிரித்துப் போடுவார்கள். அவர் மண்டைக்குள் அந்தத் தாள் எப்போதும் விரிந்தே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் எங்களை முறைத்தாள். நான் தெரியாதவள்போல் நகர்ந்து நின்றேன்.

இனி என் குதிரை செம்பருத்தியின் கதைக்கு வருகிறேன். ஆரல்வாய்மொழியில் என் லாயத்தில், என் பெட்டைக் குதிரை மரகதத்துக்குப் பிறந்த பெண் குட்டி. செம்பழுப்பு நிறம், உடம்பில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. நான் வளர்த்த குதிரை ஒன்று கண்காட்சியில் முதலில் வந்து நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோவைப் பக்கத்துப் பெரிய லாயக்காரர் ஒருவர் குட்டியைக் கேட்டிருந்தார். அவரிடம் போனால் அது நடந்துவிடும். ஆனால் குட்டியின் இடக் கண்ணுக்குக் கீழே ஒரு சுழி. அப்படிச் சுழி இருக்கும் குதிரை வந்த வீட்டில் கண்ணீர் வற்றாது என்று வாங்குபவர்கள் பயப்படுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் லாயக்காரருக்கு இருந்தது. படத்தில் அந்தச் சுழியை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குட்டியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ ஒண்ணு கெடக்குல்லா, அதை எங்க டாக்டரே?"

"சின்னதுதானே அண்ணாச்சி. அதைப் போட்டா வாறவரு ஓடிருவாரு."

"நீங்க போடலேண்ணா அது அங்க இல்லாம ஆயிருமா?"

"நம்பிக்கைண்ணு ஒண்ணு இருக்குல்லா?"

"அது அவரு பாடு. வெள்ளையே இல்லாத ஒடம்பு. நாளைக்கு வேற குதிரையோட மாறிப் போச்சுண்ணா, எதை வச்சுக் கண்டுபிடிப்பான்?"

பேனாவைப் பிடுங்கி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அந்தக் கறுப்புக் குறியைப் போட்டேன். அவர் கையெழுத்திட்டார். லாயக்காரர் வந்தார், படத்தைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், டீயைக் குடித்துவிட்டுப் போனவர்தான். பதினோரு மாதம் நான் அண்ணாச்சியோடு பேசவில்லை. அவருக்கு அதுவும் உறைக்கவில்லை. என் படங்களை வழக்கம்போலத் திருத்தித் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

பேச்சு திரும்பிய பிறகு, செம்பருத்தியை நானே லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டு போனேன். மூன்று நடுவர்களில் அண்ணாச்சியும் ஒருவர் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். செம்பருத்தி உள்ளே வரும் நேரம், அவர் கையைத் தூக்கினார். "நான் இதுல வெலகிக்கிடுகேன். இந்தக் குட்டி பொறந்தப்போ கூட நிண்ணேன். அவங்க வீட்டுல ரசவடையும் தின்னுருக்கேன்" என்று ஒலிபெருக்கிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். சொந்த சம்பந்தம் உள்ள நடுவர் விலக வேண்டும் என்பது விதிதான். ரசவடையெல்லாம் சம்பந்தமா? மாற்று நடுவர் இல்லாததால் மற்ற இருவர் மார்க்கை வைத்து முடிவு சொன்னார்கள். செம்பருத்தி இரண்டாவது. அரை மார்க்கில் போயிற்று. நான் நேரே அவரிடம் போய்க் கத்தினேன்.

"ஒரு அரை மார்க் அண்ணாச்சி! நீங்க உள்ள நிண்ணிருந்தா கெடைச்சிருக்கும்லா?"

"நான் உள்ள நிக்கலியே டாக்டரே. நிண்ணவங்ககிட்ட கேளுங்க."

அன்றிலிருந்து மூன்று வருடம், ரசவடையால் முதலிடம் போன கதையைக் கேட்பவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். உங்களில் பாதிப் பேரிடம் சொல்லியிருப்பேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், ஒரு வார்த்தை மறுத்ததில்லை.

பதினாறாம் நாள் பகவதியக்கா என் பெயர் எழுதிய உறை ஒன்றைத் தந்தார். உள்ளே அந்தக் கண்காட்சி நாளின் மார்க் தாள். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு எல்லாக் குதிரைகளுக்கும் போட்டிருக்கிறார். செம்பருத்திக்குத் தலைக்கும் கழுத்துக்கும் பத்தொன்பதரை. "கண் அபாரம்" என்று ஓரத்தில் குறிப்பு. கால்களுக்குப் பதின்மூன்று. "வலது முன்னங்கால் முட்டிக்குக் கீழே வெளியே திரும்புகிறது." அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அவர் உள்ளே நின்று இந்த மார்க்கைப் போட்டிருந்தால் என் குதிரை மூன்றாவது.

"ஏன் அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"நானும் கேட்டேன். 'அவங்க அந்தக் காலைப் பாத்ததே இல்ல. சொல்லீட்டா பொறவு கண்ணு அதுலயே நிக்கும். என்னை ஏசிக்கிட்டு இருக்கட்டும், குட்டியை ஒண்ணும் சொல்லாண்டாம்'னாவ."

மறுநாள் காலை செம்பருத்தியைச் சிமெண்டுத் தரையில் நேராக நிறுத்தி முன்னால் போய் நின்றேன். கால் திரும்பித்தான் இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்த நான் இத்தனை வருடம் அதைப் பார்க்கவில்லை. இப்போது கண் அங்கேயேதான் போகிறது. ஊரெல்லாம் நான் சொன்ன கதையை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போது செய்திருக்க வேண்டும்.

அந்த மார்க் தாளைச் செம்பருத்தியின் பாஸ்போர்ட்டுக்குள், நான் கிழிய அழுத்திய கறுப்புக் குறி இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அடுத்த மாதம் மரகதம் மறுபடி குட்டி போடப் போகிறது. அண்ணாச்சியின் இடத்துக்கு வந்திருப்பவர் நல்ல பிள்ளை, மரியாதையானவர். "நீங்க வரைஞ்சா சரியாத்தான் இருக்கும் மேடம், அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுருகேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணாச்சி.