பட்டறை ஈக்கள்

கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஈக்கு ஆக்கிப்போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் இவள் ஒருத்திதான். ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் பழ ஈக்களுக்குச் சமையல். மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் கிண்டிக் கிண்டித் தோள்பட்டை தேய்ந்ததுதான் மிச்சம். ஈக்கள் ஒருநாளும் ருசியில் குறை சொன்னதில்லை. அந்த மட்டில் புண்ணியம்.

தினமும் இரண்டு சட்டி. ஒன்று சாதாரணக் களி. மற்றதில் மயில்துத்தம், அதாவது செம்பு விஷம், ஒரு கரண்டி சேரும். கணவனின் இருமலில் தூக்கம் கெட்டு வந்த ஒரு காலை, போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு கரண்டி போட்டாள். அது சாதாரணச் சட்டியில் விழுந்தது.

நான்காம் நாள், சந்தையில் பிடித்த ஈக்கள் குப்பி குப்பியாகச் செத்துக் கிடந்தன. அதே களியைத் தின்ற பட்டறை ஈக்கள் மட்டும் ஜாம் ஜாமென்று பறந்தன. அவை முலாம் பூசும் பட்டறையின் பின்புறக் குப்பையில் பிடித்தவை. துத்த டப்பாவைத் திறந்து பார்த்தாள், கணக்குக்கு ஒரு கரண்டி குறைந்திருந்தது. வேலை போனால் போகட்டும் என்று, ஆய்வு செய்கிற பெண்ணிடம் போய் ஒப்புக்கொண்டாள். ஒரு மாத உழைப்பு பாழ். அந்தப் பெண்ணுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

அதே பட்டறையில்தான் இவள் கணவனுக்கு இருபத்தாறு வருடம். திங்கட்கிழமை முதல் மகளும் போகப்போகிறாள். எங்களுக்கெல்லாம் உடம்பு பழகிவிட்டது, பிள்ளைக்கும் பழகிவிடும் என்பது அவன் பாட்டு. அவளும் நம்பியிருந்தாள். நம்பாமல் இருக்கவும் தெம்பு வேண்டுமே.

"இந்த ஈக்கெல்லாம் செம்பு பழகிப்போச்சு, இல்லம்மா?" என்று அந்த ஆய்வுப் பெண்ணிடம் கேட்டாள்.

"பழகலக்கா. செம்பைப் பிடிச்சு அடக்குற மரபணு மத்த ஈக்கு ஒண்ணு. இதுங்களுக்குப் பொறக்கும்போதே ரெண்டு. ஒண்ணு இருந்ததெல்லாம் அந்தக் குப்பையில எப்பவோ செத்துப்போச்சு. மிஞ்சுனதைத்தான் நாம பாக்குறோம்."

செத்த ஈக்களைக் கொட்டிக் குப்பிகளைக் கழுவி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். கணவன் இருமிக்கொண்டே மகளின் வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"அவ வரமாட்டா," என்றாள்.

"ஏன்? பழகிடும்னு சொன்னேன்ல?"

"உங்ககூட வேலைக்குச் சேந்தவங்க பதினோரு பேர். அதுல யாருக்குப் பழகிச்சு, சொல்லுங்க."

அவன் ஒவ்வொரு முகமாக யோசித்தான். பிறகு ஊசியைக் கீழே வைத்தான்.