சரிகை சுற்றிய பிளக் ஒயர்

நேற்று ஜவுளிக்கடையில் என் மனைவி, கரை எப்படி இருக்கிறது பாருங்கள் என்று ஒரு பட்டுப்புடவையை என் முழங்கால் மேல் விரித்தாள். வேட்டி விலகியிருந்த இடத்தில் சரிகை தோலில் பட்டதுதான் தாமதம், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டேன். விலையைக் கேட்டுத் துள்ளினேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். உங்களிடம் மறைப்பானேன், இந்த முழங்காலுக்குச் சரிகை என்றால் இன்றும் பயம்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் திருத்தணிக் கடைத்தெருவில் ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக இருந்தேன். பட்டறை என்றால் ஒரு தகரக் கூரை, நாலு ஸ்பானர், நான். ஊரில் ஓடிய ஒரே மோட்டார் சைக்கிள் அரிசி மில் முதலாளியுடையது. அவருக்குப் பெருமை இரண்டு: அந்த வண்டி, அப்புறம் எண்ணெய் தடவிச் சுருட்டிவிட்ட கிராப்பு. ஒருநாள் வண்டி வழியில் நின்றுவிட்ட கோபத்தில், வடித்து வைத்திருந்த கழிவு எண்ணெயைத் தகரத்தோடு தூக்கி என் தலையில் கவிழ்த்தார்.

"பாத்துகினீங்களா, நம்ம பிட்டருக்கு அபிசேகம்!"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் அபிசேகம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அந்த ஆளை அதே ஜனங்கள் முன்னால் துள்ள வைப்பது என்று முடிவு கட்டினேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வண்டிக்குப் பூஜை போட முதலாளி ஆசைப்பட்டார். இன்ஜினுக்குப் பொறி கொண்டுபோகும் பிளக் ஒயரின் ரப்பர் வெடித்துக் கிடந்தது. புது ஒயர் பட்டணத்திலேயே கிடைக்காத நாள்.

"இன்னாடா இது, செத்த பாம்பாட்டம் தொங்குது? சோக்கா பண்ணிக் குடு, அபிசேகம்."

சோக்காகவே செய்தேன். பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவரிடம் மிச்சச் சரிகை வாங்கி வந்து, வெடிப்புகளின் மேலேயே நெருக்கிச் சுற்றினேன். சரிகையில் ஓடுவது வெள்ளி. வெடிப்பில் கசியும் மின்சாரம் அதில் ஏறும். சரிகை முனை இன்ஜினில் பட்டால் மின்சாரம் அதிலேயே இறங்கிவிடும்; படாமல் பார்த்துக்கொண்டேன். படவேண்டியது, வேட்டியை மடித்துக் கட்டும் முதலாளியின் வெற்று முழங்கால்.

மலையடிவாரத்தில் கடைத்தெரு முழுக்கத் திரண்டிருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள்.

"ஒதைங்க மொதலாளி," என்றேன், தேனாக.

"வேலை செஞ்சவன்தான்டா மொதல்ல ஒதைக்கணும். உங்க பட்டறை வழக்கம் எனக்குத் தெரியாதா?"

அந்த வழக்கத்தை ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்ட மடையன் நான்தான்.

"கால் சுளுக்குங்க."

"இப்பத்தானே ஓடியாந்தே?"

"செருப்பு போடலீங்க. விரதம்."

"சாமி காரியத்துக்குச் செருப்பு இன்னாத்துக்கு? ஏறுடா!"

ஈரத்தரை, வெறுங்கால், அரைநிஜார். முழங்காலை எட்டின மட்டும் அகட்டிக்கொண்டு, தவளை மாதிரி நின்று உதைத்தேன். மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது, கால் வழுக்கியது, முழங்கால் போய்ச் சரிகையில் ஒட்டியது.

"அரோகரா!" என்று அலறினேனாம். காவடிக் கூட்டத்தின் நடுவில் வேறென்ன வாயில் வரும்? கை கால் உதற, நாக்கு வெளியே தள்ள, ஆடினேன். அந்த உதறலில் வண்டி சாய்ந்து இன்ஜின் நின்றது; நான் தள்ளிப்போய் நின்று ஆடினேன்.

"சாமி வந்துகீது!" என்றாள் பூக்காரி. பம்பைக்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். முதலாளி நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார்.

"இன்னா கொறை வெச்சேன், சொல்லுப்பா முருகா!"

மின்சாரம் விட்ட பிறகும் உடம்பு ஆட்டம் விடவில்லை. ஆனால் பழிவாங்கும் புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"எம் புள்ளை தலையில எண்ணெ ஊத்தினியேடா! அந்தக் கிராப்பு எனக்கு வேணும். இப்பவே!"

அரை நாழிகையில் கிராப்பு தரையில் கிடந்தது. சந்தனம் பூசிய மொட்டை வெயிலில் என் சரிகையைவிட மின்னியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் சிரித்தேன்.

அபிசேகம் என்ற பெயர் அன்றோடு போயிற்று. முதலாளியே என்னைச் 'சாமி' என்றார். வருஷா வருஷம் கிருத்திகைக்கு மொட்டையடித்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்து நிற்பார். அது முருகன் இல்லை, வெறும் சரிகை என்று நடுத்தெருவில் போட்டு உடைக்கத்தான் காத்திருந்தேன். இன்னும் ஒரு மொட்டை பார்த்துவிட்டுச் சொல்வோம், இன்னும் ஒன்று என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒரு தை மாதம் மனிதர் படுத்தார், போய்விட்டார்.

மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அன்று சிரித்த வாய்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. சொல்லிக் காட்ட ஆளில்லாமல் என் பழி பாதியில் நிற்கிறது. அவர் முருகனே பேசினான் என்ற நிம்மதியோடு போய்ச் சேர்ந்தார். ஜவுளிக்கடையில் துள்ளிக்கொண்டிருப்பவன் நான்தான்.