கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய கடதாசிகள் சேகரிக்க ஒரு பிள்ளை இன்று கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்திருந்தாள்.

அப்பப்பாவின் காணி உறுதிப் பத்திரம், அவர் எழுதிய கடிதங்கள், அம்மாவின் கலியாணப் படம் எல்லாம் ஒரே பையில். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தபோது அம்மா தூக்கிக்கொண்டு ஓடிய பை. எந்த வீட்டுக்கு மாறினாலும் வாசல் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும்.

"அங்க இருந்தா பத்திரம்தானே" என்று அம்மா எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

"அன்ரி, இந்தப் பையையும் தருவீங்களா? அதுவும் வரலாறுதானே."

அம்மா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"அது ஏலாது பிள்ளை. திரும்ப ஓட வேண்டி வந்தா?"

அவள் போன பிறகு பார்த்தேன். எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு பை பழைய இடத்தில் தொங்குகிறது.

உங்கள் வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னால்?